தொலைநோக்கும் மார்ச் 31-உம்

2012 மார்ச்சில் முதல்வர் ஜெயலலிதா ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ஐ வெளியிட்டபோது நான் ஒரு மாவட்டத்தில் புள்ளிவிவர வேலையில் இருந்தேன். 11 ஆண்டுகளில் உள்கட்டமைப்புக்கு 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, 10,000 டாலர் தனிநபர் வருமானம் என்று பெரிய இலக்குகள். அதே மாதம் எங்கள் மேஜையில் கிடந்ததோ, செலவாகாத நிதியை நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் ‘சரண்டர்’ செய்யும், அதாவது அரசுக்கே திருப்பிக் கொடுக்கும் கடிதங்கள்! பத்து வருடம் கழித்துப் பலன் தரும் வேலைக்கு மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் என்ன எழுதுவது? சாலை என்றால் கிலோமீட்டர் போட்டுவிடலாம்.

பிறப்பு, இறப்புக் கணக்கைத் தொகுக்கும்போது வேறொரு தமிழ்நாடு தெரிந்தது. பிரசவங்கள் குறைந்துகொண்டே வந்தன. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் மனுக்களோ குறையவே இல்லை. “மகன் இருக்கான்னு தள்ளிட்டாங்கய்யா. திருப்பூர்ல இருக்கான், இருந்து என்ன?” என்றார் ஒரு பாட்டி. ஆதரவற்றவர் என்று யாரைச் சொல்வது என்பதில் விதிக்கும் வீட்டுக்கும் அவ்வளவு தூரம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும். 2021-இல் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் அது 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் கணிப்பு. 2030-க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்ற இப்போதைய இலக்கை எட்ட உழைக்கப் போகிறவர்களில் பீகார், ஒடிசாக்காரர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்பதும் பொருளாதாரக் கேள்விதான்.

எனக்கு உறுத்துவது கணக்கு எழுதும் முறை. கட்டிடம் எழுப்பினால் மூலதனச் செலவு, அதாவது சொத்து சேர்க்கும் செலவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாதிரி, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தால் அது வருவாய்ச் செலவு, அதாவது சொத்தாக நிற்காத அன்றாடச் செலவு. தொலைநோக்கு ஆவணம் என்றாலே நாம் முதலாவதைத்தான் முதலீடாக எண்ணுகிறோம். வயதாகிவரும் மாநிலத்துக்கு இரண்டாவதுதான் பெரிய முதலீடு என்பது என் கருத்து. ஒருவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள மருமகளோ மகளோ வேலையை விட வேண்டியிருக்கும். அந்த நஷ்டத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

பிற்பாடு ஒரு கூட்டத்தில், பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப் பள்ளிகளில் காலியாக நிற்கும் வகுப்பறையை முதியோர் பகல்நேர மையமாக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கட்டிடம் ஊராட்சி ஒன்றியத்துடையது, பள்ளி கல்வித்துறையுடையது, முதியோர் சமூகநலத்துறையின் பொறுப்பு. சரி, எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதுவது என்று கேட்டார்கள். அதற்கு என்னிடமும் பதில் இல்லை. அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம் என்று குறிப்பு எழுதி, குடிநீர்ப் பணிகளுக்குப் போனார்கள்.