கோல்கீப்பருக்கு ஒரு பாராட்டு மடல்

பிப்ரவரி 24, செவ்வாய். நீடாமங்கலம்.

கல்லூரிகளுக்கிடையேயான மகளிர் கால்பந்துப் போட்டிகளில் இவ்வாண்டு சிறந்து விளங்கிய எங்கள் கோல்கீப்பருக்கு ஆண்டு விழாவில் பாராட்டு மடல் வாசித்தளிப்பதென்று விழாக்குழு முடிவு செய்திருக்கிறது. ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர் என்ற முறையில் அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. “கோல் போட்ட பிள்ளைகள் இருக்கும்போது, தடுத்த பிள்ளைக்கா சார் முதல் மரியாதை?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். கால்பந்து உலகமும் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணி வந்திருக்கிறது. ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கென 1956 முதல் வழங்கப்படும் பாலோன் தோர் விருதை ஆடவரில் பெற்ற ஒரே கோல்கீப்பர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின்தான். அது 1963ஆம் ஆண்டு.

பிப்ரவரி 27, வெள்ளி.

பழைய மடல்களின் நடையில் ‘வீரமங்கையே, வெற்றித்திருமகளே’ என்று தொடங்கிப் பார்த்து, அடித்துவிட்டேன். அவள் ஆடிய ஆட்டத்தை எழுதினாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் களிமண் திடலில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். மழை ஓய்ந்து தரை வெடித்த பிறகோ, அதே பந்து வெடிப்பில் பட்டு எத்திசையிலும் துள்ளும். இந்த இரண்டு தரையிலும் பழகியவள் என்பதால், வெளியூர்ப் புல்தரையில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. மகளிர் ஆட்டத்திலும் கோல் கம்பங்களின் அளவு ஆடவருக்கு உள்ளதேதான்: அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உயரம் குறைந்த இந்தப் பெண் அந்தக் குறையைக் கோட்டிலேயே நின்று ஈடுசெய்ய முயலவில்லை. அரையிறுதியில் எதிரணியின் முன்கள வீராங்கனை தனியாகப் பந்தோடு வந்தபோது, இவள் நாலெட்டு முன்னேறிக் கோணத்தைச் சுருக்கி, அவசரப்பட்டுப் பாயாமல் கடைசி நொடிவரை நின்றாள். உதைப்பதற்கு இடம் தெரியாமல் அந்தப் பெண் பந்தை இவள் மார்புக்கே அடித்தாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க முன்பு 6 நொடி. 2025இல் வந்த மாற்றத்தின்படி 8 நொடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மூலை உதை. இவள் அதில் பாதி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. பிடித்த பந்தை உடனே வலது ஓரத்துக்கு எறிவாள். இறுதியாட்டத்தின் வெற்றி கோலே அப்படி அவள் கையில் தொடங்கியதுதான்.

மார்ச் 3, செவ்வாய்.

சால்வையும் கேடயமும் வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். கரடான தரையில் கையுறையின் ரப்பர் உள்ளங்கை ஒரு பருவம்கூடத் தாங்காது என்பதை எடுத்துச் சொன்னபின், நல்ல கையுறை இரண்டு ஜோடி வாங்கச் சம்மதித்தார்கள். சால்வையையும் விடவில்லை, விழாக்குழுக்களின் இயல்பு அது.

மடலின் கையெழுத்துப் படியை அவளிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “பேக் ஆடின நாலு பேர் பேரும் இதுல வரணும் சார்” என்றாள். சேர்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி.

விழா நடந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18இலும் 2022-23இலும் தேசியப் பட்டம் வென்றதைச் சிறப்பு விருந்தினர் நினைவூட்டி, மாநில அணித் தேர்வுக்கு இவளை அனுப்புமாறு கல்லூரி முதல்வரைக் கேட்டுக்கொண்டார். மடலில் நான்கு தடுப்பாட்டக்காரர்களின் பெயர் வந்த இடத்தில்தான் கைதட்டல் பலமாக எழுந்தது. அவர்கள் நால்வரும் தங்களுக்கும் ஒவ்வொரு படி வேண்டுமென்று கேட்டிருப்பதால், திங்களன்று அச்சகத்துக்குப் போக வேண்டும்.