ரீச்சர் கறுக்க வைத்த வெள்ளி

எங்கள் கல்லூரியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்த எவருக்கும் இரசாயனவியல் ஆய்வுகூடத்தின் மணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூழ்முட்டை மணம். ஒரு பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டறியும் பண்பறி பகுப்புக்காக, கிப்பின் உபகரணம் என்ற வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கருவியில் இரும்புச் சல்பைட்டின் மேல் அமிலம் பட்டதும் ஐதரசன் சல்பைட்டு என்ற கந்தகம் சேர்ந்த வாயு வெளிவரும். நச்சு வாயு என்பதால் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்ட பிறகே ரீச்சர் திருகைத் தொடுவார்.

அந்தக் காலத்தில் வெள்ளி கறுத்தால் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குழந்தையின் அரைஞாண் கறுத்தால் நாவூறு, கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் கொலுசு மற்றவர்களுடையதைவிடக் கெதியாகக் கறுத்துவிடும். “உனக்குள்ள ஏதோ வருத்தம் இருக்கு” என்று யாரோ சொல்லிவிட, அவள் கொலுசு போடுவதையே விட்டுவிட்டாள். அது ரீச்சரின் காதுக்கு எட்டியது.

ரீச்சர் யாரையும் ஏசவில்லை. அடுத்த பாடத்துக்குத் தன் வீட்டுக் குங்குமச் சிமிழின் வெள்ளி மூடியைக் கொண்டுவந்தார். யாருடைய உடம்பிலும் கிடக்காத பொருள். அதைச் சற்று ஈரமாக்கி, வாயு வரும் குழாயின் வாயருகே பிடித்தார். முதலில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது. பிறகு செம்மண் நிறம், அப்புறம் ஊதா கலந்த நீலம், கடைசியில் கறுப்பு. அந்த நீலத்தின் அழகில் வகுப்பே மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. மழை பெய்த தெருவில் சிந்திய எண்ணெயில் நிறங்கள் தெரிவது போலத்தான் இதுவும் என்றார். வெள்ளியின் மேல் படியும் சல்பைட்டுப் படலம் அவ்வளவு மெல்லியது. அதன் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் காட்டும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்.

வெறும் ஒட்சிசன் சாதாரண வெப்பநிலையில் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. வேலையைச் செய்வது கந்தகம். காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஐதரசன் சல்பைட்டே போதும். ஈரமும் ஒட்சிசனும் அதற்குத் துணைபோகும். முட்டை, வெங்காயம், கம்பளி, ரப்பர் எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. போதாததற்கு, 925 முத்திரை உள்ள நகையில் 1000 பங்குக்கு 925 பங்குதான் வெள்ளி. மிச்சம் உறுதிக்காகச் சேர்ப்பது, பெரும்பாலும் செம்பு. அதுவும் நிறம் மாறும். வேர்வை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் கறுக்கும் வேகமும் வேறுபடும். “அதை வச்சு ஒருத்தருக்கு வருத்தம் எண்டு சொல்லேலாது பிள்ளையள்” என்று ரீச்சர் சொன்னபோது அவர் பார்வை எங்கள் எல்லார் மேலும் ஒருமுறை போய்வந்தது.

பிறகுதான் நான் இன்றுவரை மறக்காத பகுதி. ஒரு பேசினுக்குள் அலுமினியத் தாளை விரித்து, கொதிநீர் ஊற்றி, அப்பச்சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டார். கறுத்த மூடியை அந்தத் தாளில் படும்படி வைத்தார். மறுபடி இலேசான கூழ்முட்டை மணம். கறுப்பு விலகி வெண்மை வந்தது. அலுமினியம் தன் இலத்திரன்களைக் கொடுக்க, கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது. “வெள்ளி எங்கயும் போகேல்ல. கறுப்புக்குள்ளதான் இருந்தது.” திருநீறு போட்டுத் தேய்த்தாலும் பளபளக்கும்தான், ஆனால் கறுப்போடு சேர்ந்து வெள்ளியும் கொஞ்சம் உரசுப்பட்டுப் போகும். பழைய நகைகளில் வேலைப்பாடு மழுங்குவது இதனாலும்தான்.

கொலுசுக்காரி அடுத்த வாரம் கொலுசோடு வந்தாள்.

இங்கே குளிர்நாட்டில், அம்மா தந்த வெள்ளிச் சாமான்களை நம்மில் பலர் கம்பளி உடுப்புகளுக்கு நடுவே, ரப்பர் வளையம் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறோம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஈரமில்லாமல் துடைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு, கூடவே ஒரு சோக்குத் துண்டையும் வையுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முத்தோ கல்லோ பதித்த நகையை மட்டும் அந்தச் சோடாத் தண்ணீரில் போடவேண்டாம். வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவென்று தட்டார் வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.