மல்லாட்டை சொல்லிக்கொடுத்த புதிய கற்காலம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு இரண்டாவது முறை படித்தபோதுதான் புதிய கற்காலம், அதாவது மனிதர்கள் பயிர் செய்யத் தொடங்கிய காலம், எனக்குப் பிடிபட்டது. முதல் முறை வெறும் மனப்பாடம். இன்றைய பாகிஸ்தானில் உள்ள புதிய கற்கால ஊர் மெஹர்கர், கி.மு. 7000 என்று அட்டவணை போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தவன், மாதிரித் தேர்வில் "பானை செய்யத் தெரிந்த பிறகே மக்கள் பயிர் செய்தனர்" என்ற கூற்றைப் பார்த்ததும் சரி என்று போட்டேன். போச்சு. மெஹர்கரின் முதல் கட்டத்தில் கோதுமை, பார்லி, ஆடு, மாடு எல்லாம் உண்டு, பானை கிடையாது. ஜப்பானின் பழங்கால ஜோமோன் மக்களோ வேட்டையும் மீனுமாக இருந்த காலத்திலேயே பானை செய்தவர்கள்.

கடலூர்க்காரர்களுக்கு நிலக்கடலை என்றால் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படியானது, ஊரோ தென் அமெரிக்கா. பண்ருட்டி முந்திரியும் பிரேசில் சரக்குதான். இவை நேற்று வந்தவை, இருந்தாலும் ஒரு பயிர் எங்கே காட்டுச் செடியாக இருந்தது, எந்த வழியில் வந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

விருத்தாசலம் பக்கம் மாமா எள் போடுவார். காய் வாய் பிளக்குமுன் அறுத்துவிட வேண்டும், அசந்தால் எள்ளெல்லாம் மண்ணில் கொட்டிவிடும். காட்டுக் கோதுமையும் இப்படித்தான், பழுத்ததும் கதிர் உடைந்து சிதறும். ஆட்கள் அறுத்து வீடு சேர்த்ததில் உதிராத கதிர்களே அதிகம் தங்கியிருக்கும், அதையே திரும்பத் திரும்ப விதைக்க, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் போய் உதிராத ரகமே நின்றது. தொல்லியல் அறிஞர் கார்டன் சைல்டு இதற்குப் புரட்சி என்று பெயர் வைத்துவிட்டார், நானும் ஏதோ நாலு நாளில் நடந்ததாக நினைத்துவிட்டேன்!

அப்புறம் மஞ்சக்குப்பத்தில் ஒரு வெற்று உலக வரைபடம் வாங்கி அம்புக்குறி போட்டுப் பாருங்கள். மேற்காசியக் கோதுமை கிழக்கிலும் மேற்கிலும் சுலபமாகப் பரவியது, பருவம் ஏறக்குறைய ஒன்று என்பதால். குளிர்காலப் பயிர், தெற்கே இறங்கினால் தடுமாறும். அதனால்தான் பழைய வேலூர் மாவட்டத்துப் புதிய கற்கால இடமான பையம்பள்ளி என்றதும் பாடநூல் கொள்ளுப் பயற்றையும் பச்சைப்பயற்றையும் சொல்கிறது. காரணம் தெரிந்தால் இது மறக்காது.

இரும்புக்கு மட்டும் தனிப் பக்கம் வையுங்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது, பழைய பாடநூலில் அது இருக்காது, கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள். என் நோட்டில் அந்த ஒரு வரி இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.