பெயருக்குப் பின்னால் ஒரு 'எல்'

மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன். கடைக்காரர்களிடம் பேசி, அவர்களுக்கு என்ன தேவை என்பதை எங்கள் நிரலாளர்களிடம் கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் எங்கள் பயனர்களுக்காக ஒரு டெலிகிராம் குழு தொடங்கினோம். ஆரம்பத்தில் அது புகார்ப் பெட்டி மாதிரிதான் இருந்தது. பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பேக்கப் எங்கே இருக்கிறது என்று வரிசையாக வரும். இன்றைக்குப் புதிய பதிப்பில் எது வர வேண்டும், எப்படி வர வேண்டும் என்பதில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது.

இந்த மாற்றத்துக்கு ஒரு கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் வேறு ஏதோ மென்பொருளில் பார்த்தவையாக இருக்கும். "இப்போ இதை எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கடையே கண்முன் வந்துவிடும்.

உதிரி மாத்திரை விவகாரத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் அட்டையோடு மருந்து வாங்குகிறவர்கள் எவ்வளவு பேரோ, அதே அளவுக்கு "நாலு மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்களும் உண்டு. அட்டைக்கு 10 மாத்திரை என்றால் 0.4 என்று பில் போட்டுவிடலாம். 15 மாத்திரை அட்டையில் நாலு கொடுத்தால் 0.2667. இப்படியே கொஞ்ச நாள் போனால் ஸ்டாக்கில் 0.01 அட்டை என்று ஒரு மிச்சம் நிற்கும். அலமாரியில் ஒன்றும் இருக்காது, கணக்கில் மட்டும் இருக்கும்.

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று குழுவில் கேட்டபோது திண்டுக்கல் கடைக்காரர் ஒருவர் தன் மருந்துப் பட்டியலைப் படம் எடுத்துப் போட்டார். வேகமாக விற்கும் மாத்திரை ஒவ்வொன்றும் இரண்டு முறை பதிவாகியிருந்தது. இரண்டாவதின் பெயருக்குப் பின்னால் ஒரு 'எல்'. லூஸ் என்பதற்கு அடையாளம். ஓர் அட்டையைக் கிழித்ததும் ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்டில் போய் அட்டையில் ஒன்றைக் குறைத்து, 'எல்'லில் பதினைந்தைக் கூட்டுவாராம். கடையில் எத்தனை கூட்டம் நின்றாலும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த பில். அவர் படம் போட்ட சற்று நேரத்தில் வரிசையாகப் பதில்கள். "நானும் இதேதான், ஆனா எக்ஸ் போடுவேன்." "நான் பேருக்கு முன்னாடி புள்ளி வைப்பேன், அப்பதான் லிஸ்ட்ல மேல வரும்." ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், ஒரே கருவியைத் தனித்தனியாகச் செய்துவைத்திருந்தார்கள்.

அதில் ஓர் அம்மா, பல வருடமாகக் கடையைத் தனியாக நடத்துபவர், குரல் பதிவு அனுப்பினார். "எண்ணிக்கை இருக்கட்டும்மா. அட்டையோட ஒரு ஓரத்துலதான் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் அடிச்சிருப்பான். அதனால நாங்க எதிர்ப்பக்கத்துல இருந்துதான் வெட்டுவோம். கடைசி ரெண்டு மாத்திரை வரைக்கும் அந்த ஓரம் எங்ககிட்ட இருக்கணும். நீங்க லூஸ்னு தனியாப் பிரிச்சா, அது எந்த பேட்ச்சுன்னு கம்ப்யூட்டருக்கு மறந்துடாதா?" எங்கள் வடிவமைப்பின் மையமே இந்தக் கேள்விதான் ஆனது. கிழித்த அட்டை தனிப் பொருளாக மாறாமல், தன் பேட்சையும் காலாவதித் தேதியையும் தூக்கிக்கொண்டே நகர வேண்டும். எந்த அலுவலக அறையில் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1986-லேயே இத்தகையவர்களைப் பற்றி எழுதினார். சந்தை முழுவதற்கும் பின்னால் வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்கிறவர்கள். தீர்வு கிடைத்தால் தங்களுக்கே பெரும் பயன் என்பதால் பல நேரம் தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறவர்கள். பொம்மைகள் செய்யும் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோத் தொகுப்பை வெளியிட்டதும், ஆர்வலர்கள் அதன் மூளைப் பகுதியைப் பிரித்தாராய்ந்து, அதற்குச் சொந்தமாக நிரல்கள் எழுதி இணையத்தில் பகிர்ந்தார்கள். வழக்குப் போட்டிருக்கலாம். லெகோ அதை அனுமதித்தது. 2006-இல் வந்த அடுத்த தலைமுறையை உருவாக்கும்போது அந்த ஆர்வலர்களில் நான்கு பேரை முதலில் ரகசியமாக அழைத்து, வடிவமைப்பு முடிவாகும் முன்பே கருத்துக் கேட்டது. முடித்துவிட்டு "எப்படி இருக்கிறது?" என்று காட்டுவது மரியாதைக்குச் செய்வது. முடிவெடுக்கும் முன் கேட்பதுதான் உண்மையிலேயே கேட்பது.

அந்த நால்வரும் டென்மார்க்குக்குப் போன விமானச் செலவைக்கூடத் தாங்களே ஏற்றுக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அதைப் பின்பற்றத்தக்க வழியாக நான் நினைக்கவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை கவுண்டரில் நிற்பவரின் அரை மணி நேரம் சும்மா வருவதில்லை. வடிவமைப்பில் உட்கார்ந்து உதவுகிறவர்களிடம் நாங்கள் ஆண்டுச் சந்தா வாங்குவதில்லை. இதற்காக அலுவலகத்தில் வாதாட வேண்டியிருந்தது, இன்னும் வாதாடத் தயார்.

வாக்கெடுப்பு வைத்து அதிகம் பேர் கேட்டதைச் செய்யலாமே என்பார்கள். சிறு விஷயங்களுக்குச் சரி. ஆனால் ஷெட்யூல் எச்1 என்ற கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச் முதல், அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் போடும்போதே அது தானாக நிரம்ப வேண்டும் என்று கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பில்லின் மேலே பிள்ளையார் படம் வேண்டும் என்றவர்கள் அதைவிட நிறைய. இரண்டையும் செய்தோம், ஆனால் முதலில் பதிவேட்டைத்தான்.

குழு தன் முழு பலத்தைக் காட்டியது 2025 செப்டம்பர் 22 அன்று. பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி விகிதத்தை மாற்றுவது சின்ன வேலை. சிக்கல் கவுண்டரில் இருந்தது. கையிலிருக்கும் அட்டையில் பழைய எம்.ஆர்.பி., விற்க வேண்டியது குறைந்த விலையில். வரியோடு 112 ரூபாயாக இருந்தது 105 ஆகும். அதாவது குறைவது 6.25 சதவீதம். வாடிக்கையாளரோ செய்தி பார்த்துவிட்டு வந்து ஏழு சதவீதம் ஏன் குறையவில்லை என்று கேட்பார். முந்தைய வாரமே இந்தச் சண்டையை எதிர்பார்த்துச் சொன்னவர்கள் குழுவிலிருந்த கடைக்காரர்கள்தான். பழைய விலை, புதிய விலை இரண்டையும் பில்லிலேயே அச்சிடும் யோசனையும் அவர்களுடையது. சோதனைப் பதிப்பை அன்றிரவே ஏழெட்டு கடைகள் ஓட்டிப் பார்த்தன. பில் நீளம் அதிகமாகிறது, பேப்பர் வீணாகிறது என்று ஒருவர் சொல்ல, மறுநாள் இரண்டு விலையும் ஒரே வரிக்குள் வந்தன.

சீனாவின் ஷியாவ்மி நிறுவனம் 2010-இல் எம்.ஐ.யு.ஐ. என்ற போன் மென்பொருளைத் தொடங்கியதும், பயனர்கள் சொன்னதை வைத்து வெள்ளிக்கிழமைதோறும் புதிய பதிப்பு வெளியிட்டது. அவ்வளவு வேகம் மருந்துக்கடைக்கு ஆகாது. வாரா வாரம் திரை மாறினால் கடைப் பையன் தடுமாறுவான். ஆனால் சொன்னவருக்குப் பதில் போக வேண்டும் என்பதில் வேகம் குறையக் கூடாது. செய்கிறோம், செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, இந்த மூன்றில் ஒன்று சொன்னவரின் பெயரோடு குழுவில் வந்துவிடும். "செய்யவில்லை" என்று கேட்டவர்கள் யாரும் விலகிப் போகவில்லை. பதிலே வராமல் இருந்த காலத்தில்தான் பலர் மௌனமானார்கள்.

இன்னொன்று. பிரச்சினையைக் காட்ட மருந்துச்சீட்டையே படமெடுத்துப் போட்டுவிடுவார்கள். யாரோ ஒருவரின் பெயரும் நோயும் முந்நூறு பேர் கண்ணில் படும். அப்படி வந்தால் உடனே நீக்கிவிட்டு, பெயரை மறைத்துப் போடும்படி போட்டவருக்குத் தனியாகச் சொல்கிறோம். சில பேருக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

இப்போது காலாவதி மருந்தை ஸ்டாக்கிஸ்ட்டுக்கு, அதாவது கடைக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிக்கு, திருப்பி அனுப்பும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்ட்டும் ஒவ்வொரு விதமாகப் பட்டியல் கேட்கிறார். போன வாரம் குழுவில், எக்ஸ்பைரி சரக்கை எங்கே, எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள், படம் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். பழைய அட்டைப்பெட்டிகள், மேலே மார்க்கரில் ஸ்டாக்கிஸ்ட் பெயர், பக்கத்தில் மாதம். சில கடைகளில் தொகையும் எழுதியிருந்தது. தொகை எழுதிய கடைக்காரர்களிடம் இந்த வாரம் தனியாகப் பேசப் போகிறேன்.