பைலட் ஜெயித்தது, ஏற்க ஆளில்லை: நிறுவனத்துக்குள் தொழில்முனைவு பயிற்சியில் பட்ட பாடு

நிறுவனத்துக்குள் தொழில்முனைவு (வேலை பார்க்கும் இடத்திலேயே புது யோசனையைத் தொடங்கி நடத்துவது) பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு வகுப்புகளில் பிரச்சினை எதுவும் வராது. வாடிக்கையாளரிடம் பேசுவது, ப்ரோட்டோடைப் (முதல் மாதிரி) செய்வது எல்லாம் எளிதாகவே முடிந்துவிடும். சிக்கல் கடைசிப் பகுதியில்தான்: ஒரு நிஜ யோசனைக்குக் நிறுவனக் கமிட்டியின் ஒப்புதல் வாங்கி, பைலட் (சிறிய அளவில் சோதனை ஓட்டம்) நடத்தி, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்கள் குழுவின் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

யோசனை சின்னதுதான். பழுதான பாகத்தை டெக்னீஷியன் களத்திலேயே நான்கு கோணங்களில் படம் எடுத்து அனுப்புவார். பாகம் கிடங்குக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் வாரண்டி உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆறு டெக்னீஷியன்கள், எட்டு வாரம்.

முதல் முறை திரும்பியதற்குக் காரணம் எங்கள் கவனக்குறைவு. "இதற்கு முன்னால் எத்தனை நாள் ஆனது?" என்று கமிட்டி கேட்டது. கையில் கணக்கு இல்லை. நினைவிலிருந்து சொல்லும் எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். பைலட் தொடங்கும் முன்பே பழைய கேஸ்களில் ஒரு முப்பதையாவது எடுத்து, பழுது பதிவான தேதியையும் முடிவு சொன்ன தேதியையும் எழுதி வையுங்கள். சராசரி மட்டும் போட்டால் போதாது. மாதக்கணக்கில் இழுத்த இரண்டு கேஸ்கள் சராசரியை ஏற்றிவிடும், அதனால் இடைநிலை எண்ணையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) சேருங்கள்.

மூன்றாவது வாரத்தில் ஐடி பாதுகாப்புப் பிரிவு பைலட்டையே நிறுத்தியது. படங்கள் டெக்னீஷியன்களின் சொந்த போனில் இருந்தன, வாடிக்கையாளரின் இடமும் அதில் தெரிந்தது. அவர்கள் நிறுத்தியது நியாயம்தான், ஆனால் எங்களுக்கு இரண்டு வாரம் வீண். முன்கூட்டியே அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன தகவல் சேர்கிறது, எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும். "செய்யலாமா?" என்று கேட்டால் 'வேண்டாம்' என்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பான பதில். "என்ன நிபந்தனையில் செய்யலாம்?" என்று கேட்டால் நிபந்தனைகளை எழுதித் தருவார்கள்.

எதை அளப்பது என்பதிலும் ஏமாற வாய்ப்புண்டு. போஸ்ட்-இட் தாளை 3எம் நிறுவனம் 1977இல் நான்கு நகரங்களில் விற்பனைக்கு வைத்தபோது வரவேற்பு மந்தம். மறு வருடம் பாய்சி நகரத்தில் இலவசமாகக் கொடுத்தபோதுதான், பயன்படுத்திப் பார்த்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். புழங்கிப் பார்த்தால் மட்டுமே அருமை தெரியும் பொருளுக்கு முதல் வார எண்ணிக்கை எதையும் சொல்லாது. எங்களுக்கும் முதல் வாரம் எல்லாரும் படம் அனுப்பினார்கள், பயிற்சியின் சூடு ஆறவில்லை. ஐந்தாவது வாரத்தில் யாரும் நினைவூட்டாமல் அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் நம்பலாம்.

இரண்டாவது முறை திரும்பியதுதான் மிகவும் வலித்தது. பைலட் முடிந்தது, எண்கள் நன்றாக இருந்தன, பாராட்டும் கிடைத்தது. அதன்பிறகு கோப்பு நகரவே இல்லை. மிச்சமாகும் நாட்கள் சர்வீஸ் பிரிவுக்கு. தினம் இரண்டு வேளை உட்கார்ந்து படங்களைப் பார்க்கும் வேலையோ கிடங்குக்கு. லாபம் ஒரு பிரிவுக்கும் செலவு இன்னொரு பிரிவுக்கும் போனால் இப்படித்தான் நிற்கும். கோடாக்கிலேயே 1975இல் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி பிடித்தது, ஆனாலும் அது வேலை செய்தது. ஃபிலிம் விற்று வாழ்ந்த நிறுவனத்துக்கு அதைக் கையில் எடுக்க அவசரம் எதுவும் இருக்கவில்லை. தொழில்நுட்பம் வீட்டுக்குள்ளேயே இருந்தும் இந்த நிலை.

எங்கள் முடிச்சு அவிழ்ந்தது கிடங்கில். பாகங்களைப் பிரித்துப் பார்க்கும் ஊழியரோடு ஒரு முழு ஷிப்ட் இருந்தபோது அவருடைய உண்மையான தலைவலி தெரிந்தது: வாரண்டியே இல்லாத பாகங்கள் எண்ணெய் ஒழுக ஒழுக, சீட்டு இல்லாமல் வந்து குவிகின்றன. படம் பார்த்து முன்பே மறுத்துவிட்டால் அவை வந்து சேரவே சேராது. கிடங்கு மேலாளரிடம் இதைச் சொன்ன அன்றே பேச்சின் தொனி மாறிவிட்டது.

மூன்றாவது முறை கொடுத்தது ஒரே ஒரு பக்கம். பைலட்டுக்குப் பிறகு இந்த வேலையை யார் செய்வார், எந்தக் காஸ்ட் சென்டரில் (எந்தப் பிரிவின் கணக்கில்) செலவு ஏறும், எந்த மாதத்திலிருந்து, எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். கீழே கிடங்கு மேலாளரின் கையெழுத்து. உங்களுக்கு ஆதரவு தரும் மேலதிகாரி நடுவில் மாற்றலாகிப் போகக்கூடும், அதனால் வாய்வார்த்தையை நம்பாதீர்கள், மின்னஞ்சலிலாவது வாங்கி வையுங்கள். முடிந்தால் இந்தப் பக்கத்தைப் பைலட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கமிட்டி அன்று கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தத் தேதியில் தொடங்குகிறீர்கள்?"