ஆடி முடியட்டும்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. புரோக்கர் உற்சாகமாக இருக்கிறார். "இப்பவே பார்த்து வச்சுக்கங்க மேடம், ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிடலாம்." ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், அதனால் காலி வீடு நிறைய இருக்கிறதாம். இருக்கத்தான் இருக்கிறது. எல்லா வாசலிலும் ஒரே கேள்வி.

ஜூலை 18, வெள்ளி

காசிமேடு. பாதிப் பேர் கூழ் ஊற்றும் இடத்திலிருந்து நேராக என் ஊட்டச்சத்து வகுப்புக்கு வந்திருந்தார்கள், கையில் சொம்போடு. கேழ்வரகில் உள்ள கால்சியத்தைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர்கள் அதைக் குடித்து முடித்துவிட்டே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சரி என்று இரும்புச்சத்து மாத்திரைக்குத் தாவினேன்.

ஏழு மாதம் ஒரு பெண்ணுக்கு. ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே என்றாலே ரத்தசோகை. மாமியாருக்கு மீன் வியாபாரம், வஞ்சிரத்தை விற்றுவிட்டு நெத்திலியும் காரப்பொடியும் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர். அப்படியிருந்தும் 8.2. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "இட்லி சாம்பார், அப்புறம் சாதம், கீரை, பீன்ஸ் பொரியல், ஒரு ஆப்பிள்." என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டே, அதில் இருந்த வரிசையிலேயே சொன்னாள்.

எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்வது.

ஜூலை 20, ஞாயிறு

பெரம்பூரில் ஒரு வீடு. மெட்ரோ வாட்டர் உண்டு, பால்கனி உண்டு, ஸ்டேஷன் நடக்கிற தூரம். "வெஜ்ஜா?" அத்தோடு முடிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

சௌகார்பேட்டை, ஜெயின் குடும்பங்கள். மாடியில் வகுப்பு, கீழே துணிக்கடை. இங்கே பேசுவதற்கு முன் இரண்டு வாரமாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நல்லதாகப் போயிற்று. வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் கிடையாது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் கிடையாது. மழைக்கால விரதமான சௌமாசா ஓடுவதால் கீரையும் கிடையாது. எங்கள் பையில் எப்போதும் இருக்கும் பிரம்மாஸ்திரம் முளைகட்டிய பயறு. அதுவும் கண்டிப்பான வீடுகளில் ஆகாது, முளைவிட்டால் அதில் உயிர்கள் எண்ணற்றவை என்பது கணக்கு.

அப்படியானால் இரும்புச்சத்துக்கு என்ன மிச்சம்? நிறையவே. கம்பு ரொட்டி அவர்கள் ராஜஸ்தானிலிருந்தே கொண்டுவந்தது. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் உண்டு. பக்கத்தில் எலுமிச்சை பிழிந்தால் போதும், சைவ உணவில் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி கைகொடுக்கும்.

சிக்கல் மாத்திரையில்தான் வந்தது. இந்த வீட்டு மருமகளுக்கு ஐந்து மாதம். பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அரசாங்கம் கொடுப்பது நாளுக்கு ஓர் இரும்பு மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம்), இரண்டு கால்சியம் மாத்திரை. கால்சியத்தை இரும்போடு சேர்த்து விழுங்கக் கூடாது, இடைவெளி வேண்டும். "ராத்திரி படுக்கும்முன் இரும்பு மாத்திரை" என்று எல்லோருக்கும் சொல்வதை இங்கே சொன்னால் அவள் தலையாட்டிவிட்டு மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவாள். ஆகவே, ஒரு தாளில் சூரியனை வரைந்தேன், உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை. காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். பதினொன்றரைக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு. ஆறு மணிக்கு, இரவுச் சாப்பாடு என்று அவர்கள் சொல்லும் அந்தச் சாயங்காலச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம்.

மாமியார் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பதினொன்றரையை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். பதினொன்றரைக்கு ஆண்கள் சாப்பிட மேலே வருவார்களாம். மாத்திரை விழுங்க ஒரு நிமிடம், ஆனால் அந்த ஒரு நிமிடத்தை யாரிடம் கேட்டு வாங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மா காலையிலிருந்து வாழைக்காய், பூசணி, பாயசம். இன்று ஒருநாள் எங்களுக்கு இந்த ஊரில் எந்த வீடும் கிடைக்கும்.

ஜூலை 26, சனி

திருவல்லிக்கேணி, சர்க்கரைக்காரர்கள் கூட்டம். ஒரு பெரியவர்: "சாதத்தையே விட்டுட்டேன்மா. ராத்திரி நாலு இட்லி மட்டும்தான்." பக்கத்திலிருந்தவர் அவரைப் பாவமாகப் பார்த்து, "நான் சப்பாத்தி" என்றார். எத்தனை? ஆறு. இந்த ஊரில் சப்பாத்தி மருந்தாகி எத்தனை வருடமாயிற்றோ. இட்லியும் அரிசிதான் பாய் என்றேன், நான் ஏதோ துரோகம் செய்ததுபோல் பார்த்தார். அரைத்ததும் அது சாதம் இல்லை என்று ஆகிவிடுகிறது, எல்லா மதத்திலும்.

சிரித்துக்கொண்டே வந்தேன். வெகுநாளாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

கொளத்தூர். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "முட்டை மட்டும் சார்" என்றார். வீட்டுக்காரர் யோசித்தார். "அவிச்சதா, ஆம்லெட்டா?"

வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காசிமேடு. அந்தப் பெண் இன்றும் அதே இட்லி, அதே பீன்ஸ், அதே ஆப்பிள். நான் எழுதவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன். வகுப்பு முடிந்து கிளம்பும்போது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், மூச்சு வாங்கியது. நானும் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்காமல், வீட்டில் யார் சமைக்கிறது, யார் முதலில் உட்காருவது என்று கேட்டேன்.

பேச ஆரம்பித்தாள். கணவன் போட்டிலிருந்து வந்ததும் அவனுக்கு, அப்புறம் கொழுந்தன்களுக்கு, அப்புறம் மாமியாருக்கு. இவளுக்கு வருவது குழம்பும் வால் துண்டும். பசியை டீயும் பொறையும் பார்த்துக்கொள்கின்றன. நாளுக்கு ஐந்து டீ, அதிலும் சாப்பிட்ட கையோடு ஒன்று. அந்த டீ ஒன்றே போதும், சோற்றில் பருப்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் செய்ய. மாமியார் கெட்டவர் என்றில்லை. கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கிவருகிறார் இவளுக்காகவே. ஆட்டு மண்ணீரலுக்கு ஈடாக இரும்பு உள்ள உணவு அதிகமில்லை, அதை அவருக்கு எந்த டயட்டீஷியனும் சொல்லித்தரவில்லை. இவளுக்குத்தான் அந்த வாடை ஆகவில்லை, வாந்தி.

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். பிறந்த வீடு புளியந்தோப்பு. அம்மா வீட்டில் பீஃப் உண்டு, இங்கே கிடையாது. அம்மா பார்க்க வரும்போது சின்னத் தூக்கில் மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவருவார், மாடிப்படியில் உட்கார்ந்து இவள் சாப்பிடுவாள். "அத எழுதிறாதீங்க டீச்சர்."

மாதக்கணக்கில் படம் போட்டு நான் விளக்கும் சத்து அந்தத் தூக்கில் மூடி போட்டு வருகிறது. என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். என்ன சாப்பிடுவீர்கள் என்று இந்த ஊரில் கேட்கிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் இந்த மாதம் நன்றாகவே தெரிகிறது. கொளத்தூர்க்காரரும் நானும் கேட்பது ஒரே கேள்வி. என் கையில் ஃபைல் இருக்கிறது, அவர் கையில் சாவிக்கொத்து.

டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன். சுவரொட்டியை வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுப் பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு வறுத்தால் வாடை தெரியாது என்று மாமியாரிடம் பேசுகிறேன் என்றேன். தூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடு என்பதைத் தவிர.

ஆவணியில் வளைகாப்பு, அப்புறம் அம்மா வீடு. அவளும் ஆடி முடியக் காத்திருக்கிறாள்.

ஜூலை 31, வியாழன்

புதிய சார்ட் பற்றி மீட்டிங். எல்லாப் பகுதிக்கும் ஒரே சார்ட்தான், அச்சுச் செலவு மிச்சம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட, ஒரு நாளைக்கு எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் தட்டுப் படத்தை வைத்துப் போடுகிறார்கள். நல்ல தட்டு அது, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாதிக்குக் காயும் பழமும். ஆனால் ஆளுக்கு 400 கிராம் காய் என்றால் ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 2 கிலோ. ரேஷனில் அரிசி இலவசம், காய் இலவசமில்லை. வயிறு எதால் நிறையும் என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

மாட்டுக்கறி, சுவரொட்டி, கருவாடு மூன்றையும் சார்ட்டில் சேர்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "கருவாட்டுல உப்பு ஜாஸ்தி" என்றார் ஒருவர். அது உண்மைதான். மற்ற இரண்டைப் பற்றிப் பேசுவதற்குள் டீ வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு வகைச் சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம். தட்டில் காய் 0 கிராம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோழிங்கநல்லூரில் கட்டட வேலை நடக்கும் இடம், தகரக் கொட்டகைகள். பீகார், ஒடிசா குடும்பங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு சிறுவன், இங்கே பள்ளிக்கூடம் போகிறவன், நான் மூன்று வாக்கியம் சொன்னால் அரை வாக்கியமாக்கி முடித்துவிடுகிறான். ஒடிசா அம்மா மூடியைத் திறந்து காட்டினார், நேற்றைய சோறு தண்ணீரில் ஊறிக் கிடந்தது, ஓரத்தில் பச்சை மிளகாய். வெட்கப்பட்டார். எங்கள் அம்மா காலையில் சாப்பிட்டதும் இதுதான் என்று பையனிடம் சொல்லச் சொன்னேன். இதை மட்டும் அவன் முழுசாகச் சொன்னான்.

பீகார்க்காரர்களிடம் சத்து மாவு இருக்கிறது, வறுத்த கொண்டைக்கடலையை அரைத்தது, தண்ணீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் போட்டு ஆண்கள் வேலைக்குக் குடித்துவிட்டுப் போகிறார்கள். பெண்களுக்கும் அதையே கொடுங்கள் என்பதுதான் இன்றைய மொத்தப் பாடம். ஐந்து நிமிடம். மீதி நேரம் தண்ணீர் லாரி வரவில்லை என்பதைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராயபுரத்தில் வீடு. வீட்டுக்காரம்மா மீன் குழம்பு வாசனையோடுதான் கதவைத் திறந்தார். ஒரே நிபந்தனை: கருவாடு மட்டும் வறுக்கக் கூடாது, மேல்வீட்டில் ஆஸ்துமா. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அம்மாவிடம் யார் சொல்வது என்று இவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

சொன்னேன். "அப்ப நான் வரல."

ஆகஸ்ட் 11, திங்கள்

காசிமேட்டுப் பெண்ணுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதைத் தாண்டியிருந்தாலே நல்ல போக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். தாண்டவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "டீய கொறச்சிட்டா, ஆனா என்னாண்ட மூஞ்சி காட்றா" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

ரிசல்ட் வரவில்லை, லேபில் மெஷின் ரிப்பேராம். சௌகார்பேட்டை மாமியாரிடமிருந்து போன், இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகிறதாம், பயப்பட வேண்டாம், அப்படித்தான் போகும் என்றேன். அம்மா இன்னும் பேசவில்லை, ஆனால் கருவாட்டு டின்னைத் துணியில் சுற்றித் தன் புடவைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். லாரிக்காரர் திங்கள் காலை வருகிறாரா, ஞாயிறே வருகிறாரா என்று கேட்டுச் சொல்ல