சிடி எங்கே என்று கேட்கும் இன்ஸ்டாலர்

ஒரு பென் டிரைவுக்கு ஒரு லினக்ஸ் என்ற கணக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. ஐஎஸ்ஓவை (முழு சிடியை ஒரே கோப்பாக்கியது) டிடி கட்டளையால் அப்படியே டிரைவில் எழுதினால், சில நூறு எம்பி இன்ஸ்டாலர் 32 ஜிபி டிரைவையே வளைத்துக்கொள்ளும். அதனால் டிரைவில் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் 2-ஐப் போட்டு, ஐஎஸ்ஓக்களைக் கோப்பாகவே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். கிரப்பின் லூப்பேக் கட்டளை அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் கர்னலையும் (லினக்ஸின் மையம்) இனிட்ஆர்டியையும் (தொடக்கத்தில் தேவைப்படும் சின்னக் கோப்புத் தொகுப்பு) ஏற்றிவிடும்.

கிரப் உள்ளவரை எல்லாம் சுகம். கர்னல் ஓடத் தொடங்கியதும் கிரப் போய்விடும், அது திறந்துவைத்த ஐஎஸ்ஓவும் கூடவே போச்சு. ஆட்டோக்காரர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போன மாதிரிதான். இனி முகவரி கையில் இருந்தால்தான் வீடு. உபுண்டுவுக்கு அந்த முகவரியை, அதாவது ஐஎஸ்ஓ எங்கே கிடக்கிறது என்பதை, ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம் என்று கர்னலை ஏற்றும் வரியில் எழுத வேண்டும். நிறுவாமலே ஓடும் டெபியன் லைவுக்கு ஃபைண்ட்ஐஎஸ்ஓ. ஆர்ச் லினக்ஸுக்கு வேறு. எல்லாரும் கூடி ஒரே பெயரை வைத்தால் என்னவாம்?

பழைய மெஷின்களுக்காக நான் வைத்திருக்கும் டெபியன் 10 நெட்இன்ஸ்ட் (மீதியை இணையத்திலிருந்து இறக்கும் சின்ன இன்ஸ்டாலர்) இன்னும் பிடிவாதம். மொழி, நாடு, கீபோர்டு எல்லாம் சமர்த்தாகக் கேட்கும். அப்புறம் சிடிராம் காணவில்லை என்று நின்றுவிடும். அதன் இனிட்ஆர்டிக்கு டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பைத் தேடத் தெரியாது. தேடத் தெரிந்த இனிட்ஆர்டியை டெபியனே ஹெச்டி-மீடியா என்ற பெயரில் தனியாகத் தருகிறது. அதையும் அதோடு வரும் கர்னலையும் இறக்கி டிரைவில் வைத்து பூட் செய்தால், ஐஎஸ்ஓவை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவும் இவையும் ஒரே வெளியீடாக இருக்க வேண்டும். கர்னல் பதிப்பு மாறினால் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற கர்னல் துண்டுகள்) ஏறாது.

இன்னொன்று, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் அதைவிடப் பெரிசு. யுஇஎஃப்ஐக்காக (பழைய பயாஸின் இடத்தில் வந்தது) ஒரு சின்ன ஃபேட்32 பார்டிஷன், ஐஎஸ்ஓக்களுக்கு லினக்ஸின் இஎக்ஸ்டி4 பார்டிஷன் என்று பிரித்துவிட்டேன்.

நண்பர்கள் கேட்டால் இதெல்லாம் சொல்வதில்லை, வென்டாய் என்ற கருவியை டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஐஎஸ்ஓவை இழுத்துப் போட்டால் மெனுவில் தானாக வரும். அதன் தந்திரம் எனக்குப் பிடிக்கும்: கோப்பு டிரைவில் எந்தெந்த செக்டர்களில் (டிரைவின் சின்னச் சின்னக் கட்டங்கள்) கிடக்கிறது என்று கணக்கெடுத்து, கர்னலின் டிவைஸ் மேப்பர் வசதி மூலம் அவற்றை ஒரு தனி டிஸ்க்காக லினக்ஸுக்குக் காட்டிவிடுகிறது. வென்டாய் டிரைவில் ஐஎஸ்ஓக்கள் வழக்கமாக இருப்பது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில்; டெபியன் 10-இன் 4.19 கர்னலுக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் தொடங்கவிடும் காவல்) உள்ள லேப்டாப்பில் மட்டும், முதல் தடவை வரும் நீலத் திரையில் வென்டாயின் சாவியைப் பதிவு செய்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.